புத்தகத்துத் தோளும் ராயபுரத்துத் தோளும்

மலர்க் குழு நண்பர்கள் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "கேன்டீன் கதை, ஸ்டிரைக் கதை எல்லாம் மற்றவர்கள் எழுதியாயிற்று. நீ வரலாறாக ஒன்று எழுது" என்று கட்டளை. நான் தூரிகை பிடித்தவனே தவிரப் பேனா பிடித்தவன் அல்லன். ஆனாலும் நண்பர்கள் சொல்லைத் தட்ட முடியுமா? எனக்குத் தெரிந்த ஒரே வரலாற்றைச் சொல்கிறேன். நம் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் மனித உடலை வரைய எந்தெந்தப் புத்தகங்களை வைத்துக்கொண்டு படித்தார்கள், பிறகு 1972ல் சேர்ந்த எங்கள் செட் எப்படிப் படித்தது என்பதுதான் அது. நடுவில் என் நைனா வருவார். அவரை விட்டுவிட்டு இதை எழுத எனக்கு வழி தெரியவில்லை. (வடசென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: நைனா என்றால் அப்பா.)

நம் கல்லூரியை ஆரம்பித்தவர் ஓர் ஓவியர் அல்லர், டாக்டர். இதைச் சொன்னால் நம் பழைய மாணவர்களிலேயே பலர் நம்புவதில்லை. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற சர்ஜன் 1850ல் தம் சொந்த முயற்சியில் பிராட்வேயில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. சென்னையில் மருத்துவப் பள்ளி ஆரம்பமானது 1835ல். ஆக, இந்த ஊரில் உடலை அறுத்துப் படிப்பதும், பார்த்து வரையப் படிப்பதும் பதினைந்து வருட இடைவெளியில், நடந்து போகிற தூரத்தில் தொடங்கியவை. ஆனால் ஹண்டர் நடத்தியது தொழிற்பள்ளி. மண்பாண்டம், மரத்தில் செதுக்கி அச்சடிப்பது போன்ற வேலைகள்தான் முக்கியம். மனித உருவம் என்றால் அக்காலத்து எல்லா ஓவியப் பள்ளிகளிலும் போல பிளாஸ்டர் வார்ப்புதான். கிரேக்கச் சிலையின் கை, கால், தலை. அதைப் பார்த்து நிழல் வெளிச்சம் போட்டுப் பழக வேண்டும். எங்கள் காலத்தில்கூட மூலையில் ஒரு பிளாஸ்டர் பாதமும் மூக்கு உடைந்த முகமும் தூசி படிந்து கிடந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். அந்தப் பாதத்தை நானும் ஏழெட்டுத் தடவை வரைந்திருக்கிறேன். செருப்பே போடாமல் தாரிலும் கப்பியிலும் நடந்த பாதங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அது ஏதோ வெண்ணெயில் செய்தது மாதிரி இருக்கும்.

1884ல் ஹாவெல் தலைமைக்கு வந்தார். அவருக்கு இந்த கிரேக்க மோகம் பிடிக்கவில்லை. நம் நாட்டுக் கைவினைகளையே பார்க்கச் சொன்னார். 1896ல் கல்கத்தா பள்ளிக்குப் போனவர், அங்கே அவனீந்திரநாத் தாகூரைச் சேர்த்துக்கொண்டார். அந்த அவனீந்திரநாத் 1914ல் இந்தியக் கலையின் உடற்கூறு பற்றி ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் தசையும் கிடையாது, எலும்பும் கிடையாது. தொடை வாழைத்தண்டு, கை யானைத் துதிக்கை, உதடு கோவைப்பழம், மூக்கு எள்ளுப்பூ. நம் சிற்ப சாஸ்திர வழியில் வந்த உவமைகள். அளவும் அப்படித்தான். மேல்நாட்டில் தலையை அளவாக வைத்து உடம்பு எத்தனை தலை என்று எண்ணுவார்கள். நம் ஸ்தபதிகள் முக நீளத்தைத் தாலம் என்று வைத்து, நவதாலம் 108 அங்குலம், உத்தம தசதாலம் 124 அங்குலம் என்று பிரிப்பார்கள். சாமிக்கு ஒரு தாலம், மனிதனுக்கு ஒரு தாலம், குள்ள பூதத்துக்கு ஒரு தாலம். மாமல்லபுரத்தில் 1957ல் தொடங்கிய சிற்பப் பள்ளியில் இதைத்தான் முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அவனீந்திரநாத்திடம் படித்தவர்தான் நம் கல்லூரிக்கு முதல் இந்தியத் தலைவராக 1929ல் வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. வாழைத்தண்டு, எள்ளுப்பூ குருகுலத்திலிருந்து வந்தவர் என்று அவர் சிலைகளைப் பார்த்துச் சொல்ல முடியுமா? நரம்பு புடைக்கும், விலா எலும்பு தெரியும். அவர் மல்யுத்தம் செய்தவர். எந்தப் பிடிக்கு எந்தச் சதை இறுகும் என்பது அவருக்குத் தம் உடம்பிலேயே தெரிந்திருக்கும் என்பது என் சொந்த எண்ணம். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. 1959 குடியரசு தினத்துக்கு முந்திய நாள் அதை நிறுவினார்கள். நான்கு பேர் ஒரு பாறையை நகர்த்தப் பாடுபடுகிறார்கள். அதற்கு மாடலாக நின்றவர்கள் நம் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும்தான் என்று சொல்வார்கள். இந்தியாவில் முதன்முதலாக 1923ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதும் அந்தக் கடற்கரை மணலில்தான்.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957ல் பணிக்கர் சார் வந்தார். அவருடைய மாணவர்கள் கோட்டுக்கும் குறியீட்டுக்கும் போனார்கள், 1966ல் சோழமண்டலம் உருவானது. அந்தக் கதை பல புத்தகங்களில் இருக்கிறது. நாங்கள் சேர்ந்தபோது தனபால் சார் முதல்வர். காற்று முழுக்க நவீனம். உடற்கூறு படிப்பது கொஞ்சம் பழைய பஞ்சாங்கம் என்று சீனியர்கள் கேலி செய்வார்கள். "கையைக் கை மாதிரி போட்டா காமிரா எதுக்குடா?" என்பார்கள். ஆனாலும் முதல் இரண்டு வருடம் லைஃப் கிளாஸ் உண்டு, அதில் மார்க் உண்டு. மார்க் போனால் ஸ்காலர்ஷிப் போகும். ஆகவே நான் நவீனத்தைத் தள்ளிவைத்துவிட்டு எலும்பைப் பிடித்துக்கொண்டேன்.

நூலகத்தில் மூன்று நான்கு புத்தகங்கள் இருந்தன. வீட்டுக்குத் தர மாட்டார்கள். பட்டர் பேப்பரை வைத்து டிரேஸ் எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் பல்லாண்டுகள் பாடம் நடத்திய ஜார்ஜ் பிரிட்ஜ்மன் 1920ல் எழுதியது ஒன்று. உடம்பைக் கட்டை கட்டையாக, பெட்டி பெட்டியாகப் பார்க்கக் கற்றுக்கொடுப்பார். மார்பு ஒரு பெட்டி, இடுப்பு ஒரு பெட்டி, நடுவில் திருகிக்கொள்ளும் இடம்தான் உயிர். இன்னொன்று ஆண்ட்ரூ லூமிஸ் 1943ல் எழுதியது. பார்க்க அழகோ அழகு. அதில் வரும் ஆண் சரியாக எட்டுத் தலை உயரம். ஆசையோடு வீட்டுக்கு வந்து, நைனாவைச் சுவரோரம் நிறுத்தி, பென்சிலை நீட்டி அளந்தேன். ஏழரைக்கும் குறைவு. "இன்னாடா, ரேஷன்ல அளக்கிற மாதிரி அளக்கிற? கம்மியா கீதா?" என்று கேட்டார். உண்மையில் சாதாரண மனிதன் எந்த நாட்டிலும் ஏழரைத் தலைதான். எட்டு என்பது ஓவியன் கூட்டிப் போடும் கொசுறு. அதை லூமிஸே தம் புத்தகத்தில் மறைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. நம்ம ஆளுங்களுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சொந்தமாக ஒரு புத்தகம் வேண்டும் என்று மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். 1985 தீ விபத்துக்கு முன் அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சுற்றி இருந்த பழைய புத்தகக் கடைகளில் நம் கல்லூரிக்காரர்கள் பாதிப் பேர் குடியிருந்தார்கள் என்றே சொல்லலாம். பக்கத்தில்தானே! அங்கே பன்னிரண்டு ரூபாய்க்கு, அட்டை பிய்ந்த 'கிரேஸ் அனாடமி' ஒன்று கிடைத்தது. ஏதோ ஒரு மருத்துவ மாணவர் பரீட்சை முடிந்ததும் தலைமுழுகியது. பன்னிரண்டு ரூபாய் அன்று எனக்குப் பெரிய தொகை. இரண்டு வாரம் ராயபுரத்திலிருந்து நடந்தே கல்லூரிக்குப் போய்ச் சரிக்கட்டினேன்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். லண்டனில் 1858ல் வெளிவந்தது. எழுதியவர் ஹென்றி கிரே. மூன்றே ஆண்டுகளில், 34 வயதில் அம்மை வார்த்து இறந்துபோனார். பெயர் அவருடையது. ஆனால் முதல் பதிப்பில் இருந்த 363 படங்களை வரைந்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர் என்ற இளம் டாக்டர். புத்தகம் வெளிவரும் முன்பே அவர் கப்பலேறிப் பம்பாய்க்கு வந்துவிட்டார். அங்கே கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக் கொடுத்தார், தொழுநோயை ஆராய்ந்தார். தலைப்புப் பக்கத்தில் கார்ட்டர் பெயரைச் சின்ன எழுத்தில் போடும்படி கிரேயே பார்த்துக்கொண்டார் என்பார்கள். ஓவியர்களுக்கு நடக்கிற வழக்கமான மரியாதைதான். அந்தப் படங்களில் ஒரு விசேஷம் உண்டு. மற்றப் புத்தகங்களில் தசைக்குப் பக்கத்தில் அ, ஆ என்று போட்டு, பெயரைக் கீழே தேடச் சொல்வார்கள். கார்ட்டர் தசையின் மேலேயே, அது ஓடுகிற திசையிலேயே, பெயரை எழுதிவிட்டார். நதியின் மேல் பெயர் எழுதிய பூகோளப் படம் மாதிரி. லத்தீன் புரியாத எனக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

புத்தகம் வந்தாயிற்று. அடுத்து எலும்பு. கல்மண்டபத்தில் என்னோடு பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் ஸ்டான்லியில் மருத்துவம் சேர்ந்திருந்தான். அக்காலத்து மருத்துவ மாணவர்கள் 'போன் செட்' வாங்கிப் படித்துவிட்டு ஜூனியருக்குக் கைமாற்றிவிடுவார்கள். அவனிடம் கெஞ்சி, கை எலும்புகளையும் ஒரு தோள்பட்டை எலும்பையும் ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கி வந்தேன். துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். "எந்தத் தாய் பெத்த புள்ளையோ, அத்தக் கொண்டாந்து அடுப்பாண்ட வைக்கிறியே!" என்று போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. கடைசியில் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, கூரை மேல் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. வெள்ளிக்கிழமை மட்டும் அதன் மேல் ஒரு பூ இருக்கும். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை.

நைனா அந்த எலும்பைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். அவர் துறைமுகத்தை அடுத்த ஒரு கிடங்கில் மூட்டை தூக்கினார். நூறு கிலோ சாக்கு. கொக்கி போட்டு இரண்டு பேர் ஏற்றிவிடுவார்கள். வலது தோளுக்கும் பிடரிக்கும் நடுவில் வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏற வேண்டும். அந்த இடத்தில் அவருக்கு எலுமிச்சை அளவில் ஒரு மெத்தென்ற புடைப்பு இருந்தது. கூட வேலை செய்த எல்லாருக்குமே அப்படி ஏதாவது இருந்தது. எந்தப் புத்தகத்திலும் அதற்குப் படம் இல்லை.

"இது யாரோடது?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். உரிமை கோரி யாரும் வராத உடல்களை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, இங்கே 1951ல் வந்தது என்று நண்பன் சொன்னதைச் சொன்னேன். சீமையிலும் இதே கதைதான். 1832ல் அங்கே போட்ட சட்டப்படி, அநாதை விடுதியிலும் தர்ம ஆஸ்பத்திரியிலும் செத்து, எடுத்துப் போட ஆள் இல்லாதவர்களின் உடல்கள்தான் அறுப்பு மேசைக்கு வந்தன. கிரேயும் கார்ட்டரும் பார்த்ததும் அப்படிப்பட்ட உடல்களையே. அதற்கும் முந்நூறு வருடம் முன்னால், 1543ல் வெசாலியஸ் போட்ட பெரிய புத்தகத்துக்குத் தூக்கில் போட்டவர்களின் உடல்கள். நான் அதுவரை அந்தப் படங்களில் இருப்பது யாரோ வெள்ளைக்காரத் துரை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நைனா புத்தகத்தைப் புரட்டி ஒரு முதுகுப் படத்தில் விரலை வைத்தார். "அப்போ இவனும் நம்மள மாதிரி கூலிக்காரன்தான்னு சொல்லு."

"இருக்கலாம் நைனா."

"பாவம், அவனுக்கும் தோளு தேஞ்சிருக்கும்" என்று சொல்லி மூடி வைத்துவிட்டார். ராயபுரத்தில் அக்காலத்துப் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் ஒரு பயம் உண்டு. போனால் அறுத்துப் பார்த்துவிடுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. அன்றைக்குப் பிறகு அது குறைந்ததா கூடியதா என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் வருடம், 1974 தொடக்கம். வகுப்பில் 'உழைப்பு' என்று தலைப்புக் கொடுத்து ஒரு காம்போஸிஷன் கேட்டார்கள். எல்லோருக்கும் உழைப்பாளர் சிலைதான் ஞாபகம் வரும், எனக்கும் அதேதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவைக் கூட்டிக்கொண்டு போய்ச் சிலையைக் காட்டினேன். எல்லோரும் முன்னால் நின்று பார்ப்பார்கள். அவர் நேராகப் பின்பக்கம் போய்விட்டார். ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். "செஞ்சவன் தூக்கிப் பாத்திருக்கான்டா. இல்லன்னா தூக்கினவனையாவது கிட்டத்துல பாத்திருக்கான்" என்றார். ராய் சௌத்ரிக்கு அதற்கு மேல் ஒரு விமர்சகர் எழுதிவிட முடியாது என்பது என் கட்சி.

வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி நிற்கச் சொன்னேன். பாறைக்கு எங்கே போவது? சுவரைத் தள்ளச் சொன்னேன். சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் சுவரில் ஊன்றி, காலைப் பின்னால் வைத்துத் தள்ளிக்கொண்டு நின்றார். வாரத்தில் அவருக்கு ஓய்வு அந்த ஒரு நாள்தான். அதில் இரண்டு மணி நேரத்தை நான் தின்றுவிட்டேன். "போதுமா? போதுமா?" என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

வரைந்து பார்த்தால் முதுகு கோணலாக வந்தது. இடது தோள்பட்டை எலும்பு விலாவோடு படிந்திருக்கிறது. வலது பக்கம் மட்டும் அதன் உள்விளிம்பு முதுகை விட்டுத் தூக்கிக்கொண்டு, கோழி இறக்கையை விரித்த மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. என் கண்தான் தப்பு, கை இன்னும் பழகவில்லை என்று முடிவு கட்டினேன். கிரேயைத் திறந்து வைத்துக்கொண்டு, ரப்பரால் அழித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அழகாகப் படிய வைத்துவிட்டேன். டிரபீசியஸ், டெல்டாய்டு, லாட்டிஸிமஸ் டார்சை எல்லாம் அதனதன் இடத்தில். பெயர் எழுதினால் புத்தகமே போல இருக்கும்.

வகுப்பில் எங்கள் ஆசிரியர் அதைப் பார்த்தார். டாங்கி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அதிகம் பேசாதவர்.

"யாரு மாடல்?"

"எங்க நைனா சார்."

"என்ன வேலை?"

"மூட்டை தூக்குறார் சார்."

"எத்தனை வருஷமா?"

"இருபது வருஷம் இருக்கும் சார்."

"இருபது வருஷம் ஒரே தோள்ல மூட்டை தூக்கினவருக்கு ரெண்டு தோளும் ஒண்ணா இருக்கா? நல்லாப் பாத்தியா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "புத்தகம் உனக்கு எங்க பாக்கணும்னு சொல்லும். என்ன இருக்குன்னு நீதான் பாக்கணும். போயி மறுபடி போட்டுட்டு வா" என்றார்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் நைனா சுவரைத் தள்ளினார். இந்த முறை கண்ட கோணலைக் கண்டபடியே போட்டேன். இறக்கை இன்னும் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. கையை மேலே தூக்கச் சொன்னேன். இடது கை காதைத் தொட்டது. வலது கை தோள் மட்டத்துக்கு மேல் போகத் திணறியது. "ரெண்டு மாசமா இப்படித்தான், வலிச்சிது, அப்புறம் வலி போயிடுச்சு, தூக்கத்தான் வரல" என்று சாவகாசமாகச் சொன்னார். முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா மேஸ்திரி வேற ஆளப் போட்டுடுவான்" என்றார்.

அந்த வாரம் டாக்டர் நண்பன் எலும்பைத் திருப்பி வாங்கிப் போக வந்தான். ஒரு மாதம் என்று சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. திட்டிக்கொண்டே வந்தவன், சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான்.

"இது யாருடா? பாத்து வரைஞ்சதா, நீயே போட்டதா?"

பார்த்துத்தான் வரைந்தேன் என்றேன். உடனே நைனாவை அழைத்துச் சுவரைத் தள்ளச் சொன்னான். நான் சிலைக்காகச் செய்ய வைத்ததும், டாக்டர்கள் இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கச் செய்ய வைப்பதும் ஒன்றேதான் என்று அன்றுதான் தெரிந்தது.

என் கிரேயிலிருந்தே அவன் விளக்கினான். விலாப்புறத்தில் விரல் விரலாகத் தெரியுமே, செரேட்டஸ் என்ற தசை, மல்லர்களையும் படகு வலிப்பவர்களையும் வரைகிறவர்களுக்குப் பிடித்தமான இடம். அது மேல் விலா எலும்புகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் அடியில் புகுந்து, அதன் உள்விளிம்பில் போய்ப் பிடித்துக்கொள்கிறது. தோள்பட்டையை முதுகோடு அழுத்தி வைத்திருப்பது அதுதான். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள்மூட்டு மட்டும் வேலை செய்வதில்லை. தோள்பட்டை எலும்பும் சுழன்று கொடுக்க வேண்டும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூக்கல் அந்தச் சுழற்சியால்தான் வருகிறது. இந்தத் தசைக்குப் போகிற நரம்பு கழுத்திலிருந்து இறங்கி விலாவின் வெளிப்பக்கமாக நெடுந்தூரம் ஓடுகிறது. தோளில் பாரம் ஏறி ஏறி அது நசுங்கினால் தசை தூங்கிவிடும், எலும்பு இறக்கை விரிக்கும். பாரம் சுமப்பவர்களுக்கும், முதுகில் மூட்டையோடு நடக்கும் சிப்பாய்களுக்கும் வருவதுண்டாம்.

நான் அழித்த கோடு அதுதான். அந்த ரப்பர் தூளைத் தட்டிவிட்ட கையை என்ன செய்வது என்று எனக்கு வெகுநாள் தெரியவில்லை.

ஸ்டான்லியில் பெரிய டாக்டரும் அதையே சொன்னார். வடசென்னைத் தொழிலாளிகளின் கையும் தோளும் அங்கே வராத நாளில்லை. மெஷினில் சிக்கிய விரல்களைப் பார்த்துப் பார்த்தே அந்த ஆஸ்பத்திரி 1970களில் கை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு கண்டு, டாக்டர் ஆர். வெங்கடசாமியின் காலத்தில் உலகப் பெயர் எடுத்தது. நைனாவுக்கு அறுவை தேவைப்படவில்லை. பாரம் தூக்கக் கூடாது, பயிற்சி செய்ய வேண்டும், நரம்பு மெதுவாகத் தேறும், வருடக் கணக்கில் ஆகலாம் என்றார்கள். இன்னும் நாலு மாதம் தூக்கியிருந்தால்? அந்தக் கேள்விக்கு டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

கிடங்கில் லேசான வேலை கேட்டுப் பார்த்தோம். தூக்க முடியாதவனுக்குக் கூலி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு வருடம் அம்மா இட்லிக் கடை போட்டார், நான் மாலையில் சைன்போர்டு எழுதினேன், சினிமா பேனருக்குக் கட்டம் போட்டுக் கொடுத்தேன். பேனர் வேலையிலும் என் கிரே உதவியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். முப்பதடி உயரத்தில் கதாநாயகனுக்குப் புஜம் வைக்கும்போது டெல்டாய்டு எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும், முதலாளிக்குத் தெரியாது. ஆனால் நான் சரியாகப் போட்டதை அவர் எப்போதும் இன்னும் பெரிதாக்கச் சொல்லுவார்.

அப்புறம் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். 1983ல் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தார்கள். 2001ல் எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்தபோது நிலக்கரியை இறக்க மனிதத் தோள் வேண்டியிருக்கவில்லை. நான் மாணவனாக இருந்தபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் காலையில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு வருடத்துக்கு வேண்டிய முதுகுகளை வரைந்துகொள்ளலாம். எனக்குப் பிறகு வந்த ஜூனியர்களுக்குப் புத்தகப் பஞ்சம் தீர்ந்தது. மாஸ்கோ மீர் பதிப்பகத்தின் சினெல்னிக்கோவ் அட்லஸ் நியூ செஞ்சுரியில் மலிவாகக் கிடைத்தது, ஹங்கேரிக்காரர் பார்ச்சாய் ஓவியர்களுக்கென்றே போட்ட பெரிய புத்தகமும் வந்தது. அப்புறம் கம்ப்யூட்டரில் உடம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற வசதியும் வந்துவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதிலும் இரண்டு தோளும் ஒன்றாகவே இருக்கின்றன.

நண்பனின் எலும்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மா அன்று டின்னைக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். கிரே ஒரு ஜூனியரிடம் போய், அவரிடமிருந்து இன்னொருவரிடம் போய்விட்டது. இப்போது யாரிடம் இருக்கிறதோ, இதைப் படிப்பவர் கையிலேயே இருந்தாலும் இருக்கலாம். விலாப்புறத் தசைப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி இருந்தால் அது என்னுடையதுதான்.

நைனாவுக்குப் பாதிக்கு மேல் சரியானது. கை தலைக்கு மேல் போகும், ஆனால் கடைசிக் கொஞ்சம் போகாது. பிறகு ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலைக்குப் போனார். நான் வெளியூர் வேலையிலிருந்து லீவில் வரும்போதெல்லாம், சாப்பிட்டு முடித்ததும் அவராகவே எழுந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, அந்தச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்வார்.

"பாருடா, இப்ப எப்படிக் கீது? நோட்டு எட்து வரைஞ்சிக்கோ" என்பார்.